மார்ஃபின் சாப்பிடும்போது நாட்டு மருந்தும் சேர்க்கலாமா? வீடு வீடாகக் கேட்ட கேள்விகள்

வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்க்கும் வலி நிவாரணக் குழு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். நாங்கள் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் சாப்பிடுகிறவர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சூரணமோ, லேகியமோ, வெளிநாட்டிலிருந்து வந்த கேப்ஸ்யூல் பாட்டிலோ இருக்கும். கிளம்பும் நேரத்தில் வாசல்வரை வந்து, நோயாளி காதில் விழாதபடி கேட்பார்கள்: "சிஸ்டர், இதையும் கொடுத்துட்டு இருக்கோம், பரவாயில்லையா?"

அப்படிக் கேட்டவற்றைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றி இதில் எதுவும் கிடையாது. அதை உங்கள் நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிஸ்டர், ஓபியாய்டுன்னா எது எது? எங்க அப்பா சாப்பிடுறது அதுல சேருமா?

அபினிலிருந்து எடுத்தவையும், அதே மாதிரி வேலை செய்யும்படி தயாரித்தவையும் ஓபியாய்டுகள். மார்ஃபின், கோடீன், ட்ரமடால், டாப்பென்டடால், மெத்தடோன் ஆகியவை மாத்திரையாக வரும். ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் இரண்டும் தோலில் ஒட்டும் பேட்ச்சாகவும் கிடைக்கும். ட்ரமடாலைப் பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பதால், "எங்களுக்குச் சாதாரண வலி மாத்திரைதான்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். மேலே சொன்ன பெயர் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கும்தான். சில இருமல் சிரப்புகளில் கோடீன் உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

மூலிகைதானே, இலைதானே. அது என்ன பண்ணிடப் போகுது?

மார்ஃபினும் கசகசாச் செடியின் பாலிலிருந்து வருவதுதான். செடியிலிருந்து வந்தது என்பதால் அதற்கு வீரியம் இல்லாமல் போகவில்லை. நம் சித்த வைத்தியமே மூலிகைக்கு வீரியம் உண்டு என்று நம்பித்தான் அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்திருக்கிறது. வேலை செய்யும் பொருள் என்றால் அது இன்னொரு மருந்தோடு மோதவும் செய்யும்.

மோதல் பெரும்பாலும் நான்கு வழிகளில் நடக்கிறது. மார்ஃபினும் தூக்கம் தரும், மூலிகையும் தூக்கம் தரும் என்றால் இரண்டும் சேர்ந்து மூச்சைக் குறைத்துவிடலாம். கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை மூலிகை முடுக்கிவிட்டாலோ, மடக்கிப் போட்டாலோ மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அதன் அளவு மாறும். மருந்து வெளியேற வேண்டிய சிறுநீரகத்தையே மூலிகை கெடுத்தால் மருந்து உடம்பில் தேங்கும். நான்காவது குடல். ஓபியாய்டு அதை ஏற்கெனவே மந்தமாக்கி வைத்திருக்கும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றைத் தொட்டுத்தான் போகும்.

அப்போ ரசம், மஞ்சள் பால், சுக்கு காபி எல்லாத்தையும் நிறுத்திடணுமா?

வேண்டவே வேண்டாம். சமையலில் போடுகிற அளவு மிளகு, மஞ்சள், இஞ்சி, பூண்டு, சீரகம் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாய் கசந்து கிடக்கிற நோயாளி ஒரு டம்ளர் ரசம் கேட்கிறார் என்றால் சந்தோஷமாகக் கொடுங்கள். மார்ஃபின் தொடங்கிய முதல் சில நாளில் வரும் குமட்டலுக்கு இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் சிலருக்கு இதமாக இருக்கிறது.

நான் பயப்படுவது கேப்ஸ்யூலுக்கு. மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைபரினைச் சேர்த்து விற்கிறார்கள். 1998-இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறியது. இதைத்தான் பாட்டிலில் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் பைபரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் அது ஏற்றியிருக்கிறது. ஃபென்டனிலும் மெத்தடோனும் சிதைகிற நொதியையும் அது தடுப்பது சோதனைச்சாலையில் தெரிந்த விஷயம். ரசத்தில் நாலு மிளகு தட்டிப் போடுவது வேறு, பைபரினைப் பிரித்தெடுத்து தினம் இரண்டு வேளை விழுங்குவது வேறு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தை ஸ்பூன் கணக்கில் தினமும் சாப்பிடுவதையும் இந்த இரண்டாவது வகையில்தான் வைப்பேன்.

மார்ஃபின் ஆரம்பிச்சு அஞ்சு நாளா வெளிக்கே போகலை. இசப்கோல் கொடுக்கலாம்ல?

இசப்கோல் வேண்டாம். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். அது வேலை செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும், குடலும் நன்றாக அசைய வேண்டும். உங்கள் நோயாளி நாளுக்கு நாலு டம்ளர் தண்ணீர் குடிப்பதே பெரிய பாடு, குடலும் ஓபியாய்டால் மந்தமாக இருக்கிறது. அந்த நிலைமையில் அது உள்ளே பசை மாதிரி இறுகி உட்கார்ந்துவிடும். ஒரு வீட்டில் ஓர் அம்மாவுக்கு அப்படி இறுகியதைக் கையுறை போட்டு விரலால் எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. அந்த அம்மா வலி பொறுக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறக்க முடியாது.

இங்கே தேவைப்படுவது குடலை அசைத்துவிடும் மருந்து. அதில் முதலிடம் நம் நிலாவாரைக்குத்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைகிற நிலாவாரை உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர் பெற்றது. டாக்டர் மார்ஃபினோடு எழுதித் தரும் சென்னா மாத்திரையும் அதே செடிதான். ஆகவே டாக்டர் கொடுத்த சென்னாவும், நாட்டு மருந்துக் கடை நிலாவாரைச் சூரணமும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கடுக்காய்ப் பொடியும் ஒன்றாகச் சேர்ந்தால் பேதி பிடுங்கிக்கொள்ளும். பேதியால் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தடுமாறும். அதன் விளைவைக் கீழே சிறுநீரகக் கேள்வியில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் சொன்ன அளவில், தினமும்.

வயிறு உப்பி, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் எந்தப் பேதி மருந்தும், விளக்கெண்ணெயும் கொடுக்காதீர்கள். குடல் அடைத்திருக்கலாம். நேராக ஆஸ்பத்திரி.

ராத்திரி தூக்கமில்லைன்னு அமுக்கரா பொடி பால்ல கலந்து கொடுக்கிறோம். சரிதானே?

முதலில் ஏன் தூங்கவில்லை என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பத்தில் ஏழு பேருக்கு வலி முழுதாக அடங்காததுதான் காரணம். அதற்கு ராத்திரி வேளை மார்ஃபினை டாக்டர் சரிசெய்தாலே போதும்.

அமுக்கரா, சடாமாஞ்சில், பிரமி எல்லாம் தூக்கத்தையோ மந்தத்தையோ தரக்கூடியவை. வெளிநாட்டுப் பாட்டில்களில் வலேரியன், காவா என்று எழுதியிருப்பவையும் இதே ரகம். காவா கல்லீரலையும் கெடுக்கும். அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். மார்ஃபின் தொடங்கும் வாரத்திலும், அளவு கூட்டிய வாரத்திலும் இவற்றில் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். அந்த வாரங்களில் ஏற்படும் மயக்கம் எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். வலிக்கு மார்ஃபின், தூக்கத்துக்கு டாக்டர் எழுதிய வேறொரு மாத்திரை, மேலே அமுக்கரா என்று மூன்றும் சேர்வதை ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நல்லாத் தூங்குறாரா, ஆபத்தான மயக்கமான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

மார்ஃபின் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவது சகஜம். பல நாள் வலியில் தூங்காதவர் கடனைத் தீர்க்கிற மாதிரி தூங்குவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லி, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி தூங்கினால் பயமில்லை.

கூப்பிட்டாலும், தோளைத் தட்டினாலும் எழவில்லையென்றால் மூச்சை எண்ணுங்கள். வயிற்றின்மேல் கையை லேசாக வைத்து, கடிகார முள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். எழுப்ப முடியாமல், மூச்சும் பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது உதடும் நகமும் நீலம் பாய்ந்து தொண்டையில் கொரகொரவென்று சத்தம் கேட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பேட்ச் இருந்தால் பிய்த்து எடுங்கள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், மார்ஃபின் சாப்பிடுகிற எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, காபி என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரியில் நலோக்சோன் என்ற முறிவு ஊசி இருக்கிறது. போனதும் "மார்ஃபின் சாப்பிடுகிறவர்" என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

உடம்பு தேறட்டும்னு தசமூலாரிஷ்டம் வாங்கி வெச்சிருக்கோம்.

அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகள் புளிக்கவைத்துத் தயாரிப்பவை. அவற்றில் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். லேபிளிலேயே போட்டிருப்பார்கள். வாழ்நாளில் மதுவைத் தொடாத பாட்டிக்கும் அது ஆல்கஹால்தான். ஆல்கஹாலும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சு குறையும். 12 மணி நேரம் மெதுவாகக் கரையும்படி செய்த மார்ஃபின் மாத்திரைகளில் சில, ஆல்கஹால் பட்டால் மருந்தை மொத்தமாக அவிழ்த்துவிடவும் கூடும். ஒரு மூடி அளவுதான் என்றாலும் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரையை விழுங்க முடியலை. இடிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடுத்தா?

4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரையை இடிக்கலாம். பெயரோடு எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, கண்டிப்பாக இடிக்கவோ உடைக்கவோ கூடாது. அரை நாளைக்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். தேன் பரவாயில்லை. அதோடு சூரணம் எதையும் சேர்த்துக் குழைக்காதீர்கள். நோயாளி பாதியில் துப்பினால் எது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது.

கால் வீக்கத்துக்கு ஒரு வைத்தியர் கஷாயம் கொடுத்தார். கிட்னிக்கு நல்லதாம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ஃபினைக் கல்லீரல் வேறு பொருள்களாக மாற்றுகிறது. அதில் ஒன்று மார்ஃபினைப் போலவே வீரியம் உள்ளது. அவை சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் மந்தமானால் அதே அளவு மாத்திரை, நேற்றுவரை ஒத்துக்கொண்ட மாத்திரை, இன்றைக்கு அதிகமாகிவிடும். தூக்கம் கூடும், பிதற்றல் வரும், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும்.

ஒரு பெரியவர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆறு மாதமாக ஒரே அளவில் நன்றாக இருந்தவர். அன்று போனபோது கையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் துள்ளிக்கொண்டே இருந்தன. மாத்திரையை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது. "வேற ஏதாவது?" என்று மூன்று தடவை கேட்டும் இல்லை என்றார்கள். கிளம்பும்போது பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு பழுப்பு பாட்டில் தெரிந்தது. மூன்று வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் மந்தமானால் ஏறும் கிரியேட்டினின் மூன்று மடங்கு ஏறியிருந்தது. பாட்டிலில் என்ன இருந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டம்மா என்னிடம் மறைத்ததற்குக் காரணம், முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்கச் சாப்பிட்ட மாத்திரைகளில் இந்தக் குடும்பத்துச் செடி கலந்துபோய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துகளும் கவலைக்குரியவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இன்னொன்று, மூட்டுவலி ஒரே நாளில் போகும் என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடிகள். அவற்றில் ஸ்டீராய்டும் இங்கிலீஷ் வலி மாத்திரைத் தூளும் கலந்திருப்பது உண்டு. பெயர், தயாரிப்பு எண், காலாவதி தேதி எதுவும் இல்லாத பாட்டிலுக்கு மார்ஃபின் இருக்கும் வீட்டில் இடம் கிடையாது.

எதிர்ப்பு சக்திக்கு சீந்தில் மாத்திரை? கருஞ்சீரகம்? இது ரெண்டும் எல்லாரும் சாப்பிடுறதுதானே?

சீந்தில் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. அப்போது அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, விவாதம் நடந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: கல்லீரலுக்குப் புற்று பரவியிருக்கிறது, அல்லது பாராசிட்டமால் சேர்ந்த ட்ரமடால் தினமும் நாலு வேளை போகிறது என்றால், அந்தக் கல்லீரலின்மேல் இன்னொரு சந்தேகத்தை ஏற்ற வேண்டாம்.

கருஞ்சீரகக் கதை வேறு. கோடீனும் ட்ரமடாலும் உடம்புக்குள் போனபிறகு ஒரு நொதி அவற்றை மாற்றினால்தான் முழு வலுவோடு வலியை அடக்கும். கருஞ்சீரகத்தைத் தினம் இரண்டு வேளை இரண்டரை கிராம் வீதம் ஒரு வாரம் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களிடம் அந்த நொதியின் வேலை குறைந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ட்ரமடால் சாப்பிட்டும் வலி குறையவில்லை என்று அளவைக் கூட்டச் சொல்லும் முன் வீட்டில் கருஞ்சீரகப் பொடி போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூரி மாவில் ஒரு சிட்டிகை போடுவதால் ஒன்றும் ஆகாது.

பேட்ச் ஒட்டியிருக்கு. சளிக்கு நொச்சி போட்டு வேது பிடிக்கலாமா? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா?

ஃபென்டனில் பேட்ச்சின் முதல் எதிரி சூடு. சூடு பட்டால் தோல் மருந்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். போர்வையைப் போர்த்திக்கொண்டு நொச்சித் தழை ஆவி பிடிப்பது, பேட்ச் இருக்கும் இடத்தில் தவிட்டு ஒத்தடம், வெந்நீர்ப் பை, ஆவிக் குளியல் எல்லாமே கூடாது. அதிகக் காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்து இருப்பதால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தைலம் தேய்த்தால் பேட்ச் ஒட்டாது, நழுவும். கழன்ற பேட்ச் பேரக் குழந்தையின் காலில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் தேய்க்க வேண்டுமென்றால் பேட்ச்சுக்கு எட்டாத கை கால்களில் மட்டும், சூடில்லாத எண்ணெயாக இருக்கட்டும். ட்ரமடால் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ட்ரமடாலுக்கே வலிப்பைத் தூண்டும் குணம் உண்டு, கற்பூரமும் நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். சளிக்கென்று சர்க்கரையில் தைலச் சொட்டு விட்டு விழுங்கும் வழக்கத்தை அவர்கள் விட்டுவிட வேண்டும்.

மனசு சோர்ந்து இருக்காங்கன்னு பொண்ணு அமெரிக்காவுல இருந்து செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அனுப்பியிருக்கா. மூலிகைதான்னு போட்டிருக்கு.

இந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் நான் மறுபேச்சில்லாமல் தூர வைக்கச் சொல்வது இதைத்தான் (ஏற்கெனவே சாப்பிட்டுவருகிறவர்கள் நிறுத்தும் முன் கடைசிக் கேள்வியையும் படியுங்கள்). மஞ்சள் பூ பூக்கும் ஐரோப்பியச் செடி அது. மேலே சொன்ன நான்கு வழிகளில் இரண்டாவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. கல்லீரல் நொதியை முடுக்கிவிடுவதால் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைந்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஃபென்டனிலும் மெத்தடோனும் அதே வழியில் சிதைபவை. வலி திரும்ப வரும், காரணம் புரியாது, அளவைக் கூட்டுவார்கள்.

ட்ரமடால், டாப்பென்டடால், மெத்தடோன், ஃபென்டனில் இவற்றோடு சேர்ந்தால் வேறொரு விபரீதமும் உண்டு. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் மிதமிஞ்சிப் போய் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, தசை விறைப்பு என்று வரும். 5-எச்.டி.பி. என்ற பெயரில் தூக்கத்துக்கு விற்கும் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. இதற்கு நேர் எதிராக நொதியை மடக்குவது கிரேப்ஃப்ரூட். நம் பம்ளிமாஸ் அதன் நெருங்கிய சொந்தம். ஃபென்டனிலோ மெத்தடோனோ எடுப்பவர்கள் இரண்டையும் தவிர்த்து, சாத்துக்குடிக்கு மாறிக்கொள்ளலாம்.

மலேசியாவுல இருக்கிற சித்தப்பா கெத்தும் இலை வலிக்கு நல்லதுங்கிறார்.

வலி குறைவது உண்மை. அந்த இலையில் இருக்கும் மித்ராகைனின் ஓபியாய்டு வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்வதால்தான் குறைகிறது. மேற்கு நாடுகளில் க்ராட்டம் என்று பொடியாகவும் கேப்ஸ்யூலாகவும் விற்பதும் இதுவே. அளவு தெரியாத இரண்டாவது ஓபியாய்டை முதலாவதன்மேல் ஊற்றுவதற்குச் சமம். மலேசியாவில் சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகிறது.

குருமாவுல கசகசா போடலாமா? சில லேகியத்துல அபின் இருக்கும்கிறாங்களே?

கடையில் வாங்கிக் கழுவி அரைத்துப் போடும் கசகசாவால் பாதகமில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் ஓபியம் என்று காட்டக்கூடும். வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதே குற்றம், ஜாக்கிரதை.

அபின் சேர்ந்த பழைய மருந்துகள் உண்டு. ஆண்மைக்கென்று விற்கும் காமினி வித்ராவண ரஸத்தில் அபின் ஒரு சரக்கு. வயதானவர்கள் இதை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டிய விஷயம். ஊமத்தை சேர்ந்த மருந்துகளும் கவனத்துக்கு உரியவை. ஓபியாய்டு ஏற்கெனவே தரும் மலச்சிக்கலையும் நீர்க்கட்டையும் அது கூட்டிவிடும், மனப்பிதற்றலும் வரும்.

மார்ஃபின் போதைப் பழக்கம் ஆயிடும்னு நிறுத்திட்டு முழுசா மூலிகைக்கு மாறிடலாம்னு சொல்றாங்க.

சொல்கிறவர் ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் இருக்க மாட்டார். வாரக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்ட உடம்பு அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வியர்வை, பேதி, வயிற்றுப் பிடிப்பு வரும், அதோடு வலியும் முழு வேகத்தில் திரும்பும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். உடம்பு பழகுவது ஒன்று, போதைக்கு அலைவது இன்னொன்று. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிற நோயாளியிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

நல்ல சித்த மருத்துவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் "மார்ஃபினை நிறுத்தாதே, நான் என்ன கொடுக்கிறேன் என்று உன் டாக்டரிடம் காட்டு" என்று சீட்டில் மருந்தின் பெயரை எழுதித் தருவார்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே சிஸ்டர்?

சிலர் திட்டுவார்கள். பூஜை அலமாரிக்குப் பின்னால் அந்தப் பாட்டில் போனது அதனால்தான். அதனால் வாயால் சொல்ல வேண்டாம், வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும், தைலம், லேகியம் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள். "இதெல்லாம் கொடுக்கிறோம், எதை நிறுத்தணும்?" என்று மட்டும் கேளுங்கள். கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்றும் கேளுங்கள். ஆபரேஷனோ, ஊசியால் நரம்பை மரக்கச் செய்யும் சிகிச்சையோ முடிவானால் இதே பையை மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டுங்கள். மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விட்டா மோதாதுல்ல?

குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பொருள்களுக்கு இடைவெளி உதவும். இசப்கோல் மற்ற மாத்திரைகளை இப்படிப் பிடித்துவைக்கும். ஆனால் நொதியை மாற்றும் மூலிகையின் பாதிப்பு நாள்கணக்கில் நிற்கும். காலையில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், ராத்திரி மெத்தடோன் என்று பிரித்துக் கொடுப்பதால் ஒன்றும் மாறாது. தூக்கம் தருபவையும் அப்படித்தான், மார்ஃபின் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போகும்போது நடுவில் இடைவெளி என்று ஒன்று கிடையாது.

ஒரு வருஷமா சேர்த்துத்தான் சாப்பிடுறார், ஒண்ணும் ஆகலை. இதைப் படிச்சதும் பயமா இருக்கு. இன்னைக்கே மூலிகையை நிறுத்திடவா?

அவசரப்பட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். நொதியை முடுக்கிவிடும் மூலிகையை ஒரு வருஷம் சாப்பிட்டிருந்தால், அந்த முடுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ஓபியாய்டின் இன்றைய அளவு அமைந்திருக்கிறது. மூலிகையை நிறுத்தினால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நொதி பழையபடி மந்தமாகும், அதே பேட்ச், அதே மாத்திரை மெல்ல மெல்ல அதிகமாகிவிடும். கருஞ்சீரகத்தை நிறுத்தும்போது ட்ரமடாலுக்கும் இப்படி நடக்கலாம். கெத்தும் போன்றதை நிறுத்தினால் மார்ஃபின் நிறுத்தியதைப் போன்ற தொந்தரவுகள் வரும்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரிந்ததையும், பெயரில்லாத பாட்டிலையும் மட்டும் இன்றைக்கே நிறுத்திவிட்டு, இரண்டொரு நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மற்றவற்றை டாக்டரிடம் காட்டி, எதை எந்த நாளில் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தும் நாளைத் தினசரி காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரம் பகலில் இரண்டு தடவை, நள்ளிரவு தாண்டி ஒரு தடவை, வயிற்றின்மேல் கைவைத்து மூச்சை எண்ணிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது அந்தக் காலண்டர் தாளை எங்களிடம் கொடுங்கள்.